முளைப்பாரி அறையில் ரவுட்டர்

யாராவது ஒரு வேலையை ஆகாது என்று சொல்லிவிட்டால் போதும், முத்தழகுக்கு அதை முடித்துக் காட்டினால்தான் சோறு இறங்கும். அவள் பிறந்த வீட்டில் இதைப் பிடிவாதம் என்றார்கள். புகுந்த வீட்டில் இன்னும் பெயர் வைக்கவில்லை. கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்தானே ஆகிறது.

புகுந்த வீடு செம்மனேந்தலில். நயினார்கோவிலில் இறங்கி உள்ளே போக வேண்டும். மிளகாயும் பருத்தியும் போடுகிற ஊர். செல்போனில் நாலு வார்த்தை விட்டுப்போகாமல் பேச வேண்டுமென்றால் கண்மாய்க்கரையில் ஏறி நிற்க வேண்டும். அங்கே நின்று பேசினால் ஊர் ரகசியமெல்லாம் குளிக்க வந்தவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால், இந்த ஊர்க்காரர்கள் போனில் முக்கியமான எதையும் பேசுவதே இல்லை.

முத்தழகு சென்னையில் வேலை பார்த்தவள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்து அனுப்புகிற கம்பெனி. சாதாரணத் தட்டச்சில் சேர்ந்து, படித்துப் படித்து மேலே வந்தவள். அந்த வேலையை விட அவளுக்கு மனசில்லை. புருஷன் பாண்டீஸ்வரனை விட்டுச் சென்னைக்குப் போகவும் மனசில்லை. அவனோ மிளகாய்க் காட்டை விட்டு ஒருநாள் நகர மாட்டான். பெண் பார்க்க வந்தபோதே அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: வேலையும் இருக்கும், குடித்தனமும் இருக்கும், அதற்கு வழி நான் பார்த்துக்கொள்வேன் என்று. மாப்பிள்ளை வீட்டார் காபியை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார்கள். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

வழி இதுதான். கம்பெனியில் அவளுக்கு மேலே இருக்கும் மாஷிதா மேடம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை போட்டார். பங்குனிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, முத்தழகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அங்கிருந்து லைனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். லைன் அறுந்து அறுந்து வந்தால், ஒன்று சென்னை வந்து பழைய நாற்காலியில் உட்கார வேண்டும், இல்லையென்றால் ராஜினாமாக் கடிதம் அனுப்ப வேண்டும். இன்னொரு வாய்ப்பு கிடையாது. மேடம் கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

செம்மனேந்தல் பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் கேபிள் வந்திருந்தது. அதை வீடுகளுக்கு இழுத்துக் கொடுக்கிறவர் ஜாபர் சாதிக். தேவிபட்டினத்துக்காரர், பைக்கின் பின்னால் கேபிள் சுருளும் ஏணியும் கட்டிக்கொண்டு சுற்றுவட்டாரமெல்லாம் திரிகிறவர். அவர் வந்து பார்த்துவிட்டு, கடைசித் தெருவுக்கு அங்கிருந்து கம்பம் இல்லை, கேபிள் அந்தரத்தில் வராது, ஆகாது என்று சொல்லிவிட்டார். சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லிவிட்டார். மறுநாளே பாண்டீஸ்வரன் காட்டில் நல்ல நெட்டையான சீமைக்கருவேலங் கம்புகளாகப் பார்த்து வெட்டி, தெருவோரம் குழி தோண்டி நட்டுவிட்டான். நட்டவன் அவன், நடவைத்தவள் யாரென்று தெருவுக்கே தெரியும்.

அப்படிக் கேபிள் வீட்டுக்குள் வந்த அன்று, பெட்டியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. பெட்டி ஒன்றல்ல, இரண்டு. வெள்ளையாகச் சின்னதாக இருந்ததை ஜாபர் சாதிக் மோடம் என்றார். கறுப்பாக, நாலு கொம்பு முளைத்திருந்ததை ரவுட்டர் என்றார். வெளியிலிருந்து வருகிற லைனைப் பிடித்து வாங்குவது மோடம், வாங்கியதை வீடெல்லாம் தெளித்துவிடுவது ரவுட்டர் என்று அவர் விளக்கினார். முத்தழகுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் அவர் சொன்ன விதம் பிடித்திருந்ததால் குறுக்கே பேசவில்லை.

ஹாலில் உயரமாக, திறந்த வெளியாக வையுங்கள் என்றார் அவர். ஹாலில் அப்போது கால் வைக்க இடமில்லை. மிளகாய் மூட்டைகள் கூரையைத் தொடுகிற மாதிரி அடுக்கிக் கிடந்தன. அந்த நெடியில் மனுஷரே தும்முகிறோம், மெஷின் தாங்குமா என்று முத்தழகு கேட்டாள். அவள் கண் உள்ளறை மேல் விழுந்தது. வீட்டின் நட்டநடுவே, சன்னல் இல்லாத, முன்பு நெல் கொட்டி வைத்திருந்த அறை. இப்போது காலியாகக் கிடந்தது. குளிர்ச்சியானது, தூசியில்லாதது, எல்லா அறைக்கும் சமமான தூரம். அங்கேதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஜாபர் சாதிக் மோடத்தை உள்ளறைச் சுவரில் உயரத்தில் அறைந்தார். ரவுட்டரைக் கீழே ஒரு முக்காலியில் வைத்து, இரண்டையும் முழ நீள ஒயரால் இணைத்தார். முத்தழகு தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பெரிய ஒயர்ச் சுருளை எடுத்து வந்து காட்டினாள். ஹாஸ்டலில் இருந்தபோது கீழ்மாடியிலிருந்து மேல்மாடிக்கு இழுக்க வாங்கியது.

“இது என்னக்கா, கெணத்துல தண்ணி எறைக்கவா?” என்று ஜாபர் சாதிக் சிரித்தார். அவள் முகம் சுண்டாமல் அதைச் சுருட்டித் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் லைன் பிய்த்துக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் பாண்டீஸ்வரன் கண்மாய்க்கரை ஏறாமலே, கட்டிலில் படுத்தபடி மதுரைக் கமிஷன் மண்டிக்காரரிடம் மிளகாய் விலை பேசினான். அந்தக் காட்சியைக் கண்ட முத்தழகு, போன ஜென்மத்திலேயே தான் எஞ்சினியராக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தக் காரியத்தில் அவள் கேட்காமல் விட்டது ஒருத்தியை. மாமியார் ராக்குவை. ராக்கு அன்று மிளகாய்ப் பழம் எடுக்கக் காட்டுக்குப் போயிருந்தாள். வந்தவள் உள்ளறையை எட்டிப் பார்த்தாள், மினுக்கிக்கொண்டிருந்த விளக்குகளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். ராக்கு பேச்சுக்கு ரொம்பச் செட்டுக்காரி. பேசாதவர்களிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று முத்தழகு மாதிரி ஆட்கள் நினைத்துக்கொள்வது வழக்கம்.

பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்பது ஊர் வழக்கம். வீட்டுக்கு ஒரு சட்டி. எருவும் வைக்கோலும் போட்டு, ஊறவைத்த மொச்சையும் தட்டாம்பயறும் பாசிப்பயறும் விதைத்து, இருட்டில் வளர்ப்பார்கள். வெயிலும் விளக்கும் படக் கூடாது. அப்போதுதான் பயிர் பச்சை பிடிக்காமல், வெளிர் மஞ்சளாக, மயிர் மாதிரி நெடுநெடுவென்று நேரே வளரும். நேரே வளர்ந்தால் ஊருக்கு மழை. காப்புக் கட்டிய ஒரு பெண் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். மற்ற பெண்கள் வாசலில் கும்மி கொட்டுவதோடு சரி. ஆண்கள் பாரி இருக்கிற கதவுப் பக்கமே தலைகாட்டக் கூடாது. பல வருஷமாகத் தண்ணீர் தெளிக்கிற கை ராக்குவின் கைதான். அவள் தெளித்தால் முளை சோடை போகாது என்று ஊரே சொல்லும்.

இதற்கென்று கோயில் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. மாசிக் காற்றில் அது பறந்துபோய்ப் பருத்திக் காட்டில் கிடந்தது. ஊர்க்கூட்டத்தில் இந்த வருஷம் பாரியை எங்கே வைப்பது என்று பேசினார்கள். முத்தழகின் மாமனார் பொன்னுச்சாமி எழுந்து, எங்க வீட்டு உள்ளறை இருக்கே, சன்னல்கூட இல்லையே என்று அறிவித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டில் கேட்காமல் முடிவெடுப்பது முத்தழகு வருவதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது.

செய்தி கேட்டு முத்தழகுக்குத் திக்கென்றது. கொஞ்ச நேரம்தான். கேபிளைப் பிடுங்கி வேறு இடத்தில் மாட்ட ஜாபர் சாதிக்கைக் கூப்பிட்டாள். அவர் திருவாடானைப் பக்கம் ஒரு பெரிய வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார், வர நாளாகும் என்றார். அதற்குள் காப்புக் கட்டிவிடுவார்கள். சரி, பிரச்சினை வெளிச்சம்தானே என்று அவள் கணக்குப் போட்டாள். கறுப்பு டேப்பை எடுத்து, இரண்டு பெட்டியிலும் விளக்கு எரிகிற இடமெல்லாம் ஒட்டினாள். கதவைச் சாத்திப் பார்த்தாள். கும்மிருட்டு. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ராக்கு பார்த்துவிட்டு, சரித்தா என்றாள்.

ஊர்ச் சட்டிகளெல்லாம் உள்ளறைக்குள் போயின. முத்தழகின் பேரிலும் ஒரு சட்டி போயிற்று. புது மருமகளுக்கு முதல் பாரி. ராக்கு கையில் மஞ்சள் கயிறு ஏறியது. கதவு சாத்தப்பட்டது. கதவுக்குக் கீழே இருந்த சந்திலும் பழைய சேலையைத் திணித்து அடைத்தார்கள். சாயங்காலமானால் வாசலில் பெண்கள் சுற்றிச் சுற்றிக் கும்மி கொட்டினார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் பயிரும் வளர்ந்தது, இன்டர்நெட்டும் வந்தது. சனிக்கிழமை முத்தழகு மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள். லைன் ஒருமுறைகூட அறவில்லை. திங்கட்கிழமை வரட்டும் என்று சவாலாகவே காத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் லைன் இல்லை.

இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. கதவை ஒட்டி உட்கார்ந்தால் சொட்டுச் சொட்டாக வந்தது. நாலடி தள்ளிப் போனால் அதுவும் இல்லை. முத்தழகு பதறுகிற ஆள் இல்லை. வெளியே மெயின் பெட்டிக்குப் போய் உள்ளறைக் கரண்டை அணைத்துப் போட்டாள். பலனில்லை. மறுபடி அணைத்துப் போட்டாள். பாண்டீஸ்வரனைக் கருவேலங் கம்புகளைப் பார்த்து வர அனுப்பினாள். கம்பெல்லாம் நட்டது நட்டபடி இருந்தது, அதில் ஒன்று துளிர்க்கக்கூடச் செய்திருந்தது. கண்மாய்க்கரைக்கு ஓடி ஜாபர் சாதிக்கைப் பிடித்தாள். அவர் தன் பக்கத்தில் பார்த்துவிட்டு, லைன் தங்கமாக இருக்கிறது, மோடம் வரைக்கும் வந்து நிற்கிறது, அதற்குமேல் உன் வீட்டு விவகாரம் என்றார். ஆனாலும் பாவம், பைக்கை எடுத்துக்கொண்டு வந்தும் விட்டார்.

வந்து என்ன செய்ய? உள்ளறைக் கதவுப் பக்கம் ஆம்பளை தலைகாட்டக் கூடாது. முத்தழகும் காப்புக் கட்டாதவள், உள்ளே போகக் கூடாது. ஜாபர் சாதிக் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றார், பாண்டீஸ்வரன் அவருக்குப் பக்கத்தில் நின்றான், இரண்டு பேரும் நிலைப்படியை ஏதோ ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. சென்னை ஹாஸ்டலின் இரும்புக் கட்டில் முத்தழகின் கண்முன் வந்தது. அதில் படுத்துக்கொண்டு பாண்டீஸ்வரனிடம் விட்டு விட்டுப் பேசப்போகிற போன் பேச்சும் காதில் கேட்டது.

அப்போதுதான் ராக்கு காட்டிலிருந்து புல்லுக்கட்டோடு வந்தாள். எல்லாரும் நிற்கிற நிற்பைப் பார்த்து என்ன என்றாள். அதுவரை எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்ட முத்தழகு, கேட்க வேண்டியவளை அப்போதுதான் கேட்டாள்.

“அத்தை, உள்ள அந்தக் கறுப்புப் பொட்டி எப்படி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. நேத்து சாயந்தரம் பெரிய அண்டாவப் போட்டுக் கவுத்தி வச்சிட்டேன். பொட்டு வெளிச்சம் வெளிய வரல.”

வேப்பமரத்தடியில் ஜாபர் சாதிக் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

புல்லுக்கட்டை இறக்காமலே ராக்கு விஷயத்தைச் சொன்னாள். தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரத்தில் கீழ்ப்பெட்டியின் டேப் கழன்று விழுந்துவிட்டது. மேலே சுவரில் இருப்பது காய்ந்த இடம், அதன் டேப் பிடித்துக்கொண்டது. கீழ்ப்பெட்டி மட்டும் சில நாளாக நீலமாக மினுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நேற்று முதலில் துண்டைப் போட்டு மூடியிருக்கிறாள். தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. உள்ளே வைக்கோல் வேறு கிடக்கிறது. பற்றிக்கொண்டால் என்ன ஆவது என்று, பத்து மரக்கால் பொங்கல் வைக்கிற அலுமினிய அண்டாவை எடுத்துக் கவிழ்த்துவிட்டாள். ஒயரைப் பிடுங்கவில்லையே, ஒயர் வழியாகத்தானே எல்லாம் வருகிறது, அதைத் தொடாமல்தான் மூடினேன் என்றாள். அவள் குரலில் குற்றமே இல்லை. மருமகள் சொத்துக்குச் சேதம் வராமல் காரியம் பார்த்த திருப்திதான் இருந்தது.

முத்தழகுக்குக் கோபம் வந்தது. அண்டாவை எடுங்கள், மூன்று மணி நேரம்தானே என்று சொல்ல வாயெடுத்தாள். ராக்குவின் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிறு கண்ணில் பட்டது. நாளைக்குப் பாரி வெளியே வருகிறது. அதற்குள் வெளிச்சம் பட்டுப் பயிர் பச்சை பிடித்துவிட்டால், ஊர் கேட்பது ரவுட்டரை அல்ல, ராக்குவை. இத்தனை வருஷத்துக் கைராசி ஒரு நாளில் போய்விடும். முத்தழகு எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

மூடிக்கொண்டதால்தான் யோசிக்க முடிந்தது. அத்தை சொன்னதில் பாதி சரி. மோடத்துக்கு ஒயர் வழியாகத்தான் எல்லாம் வருகிறது. அதற்கு வெளிக்காற்று வேண்டாம், இருட்டிலேயே கிடக்கலாம். அலுமினியம் மறித்தால் தெளிக்க முடியாதது ரவுட்டர்தான், வெளியே வர வேண்டியது அது மட்டும். இரண்டையும் பிரித்துவிட்டால் போகிறது. நடுவில் நீளமாக ஒரு ஒயர் வேண்டும், அவ்வளவுதான்.

அவள் ஓடிப்போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கிணற்றுக் கயிறு வெளியே வந்தது. ஜாபர் சாதிக் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

“அக்கா, ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க. மோடத்துல மெல்லிசா ஒரு லைன் இருக்கும். அதுல கை பட்டு ஒடிஞ்சுச்சுன்னா, இன்னைக்கு நான் உள்ள வந்து ஒட்டவும் முடியாது.”

உள்ளே போகக் கூடியவள் ராக்கு ஒருத்திதான். அவளும் காட்டிலிருந்து வந்தவள், குளித்துவிட்டுத்தான் போக வேண்டும். முத்தழகு குடம் குடமாக மொண்டு ஊற்றினாள். ஈரச் சேலையோடு ராக்கு நிலைப்படிக்கு வந்தபோது, ஈரக் கையோடு கரண்டைத் தொடுவதாவது என்று முத்தழகு மெயின் பெட்டிக்கு ஓடி உள்ளறைக் கரண்டை நிறுத்தினாள். ஒயரின் ஒரு முனையை அத்தை கையில் கொடுத்தாள். கதவு ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது. உள்ளே விளக்கு இல்லை, செல்போன் வெளிச்சம் இல்லை. முத்தழகு கதவில் கன்னத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்குப் பாடம் சொல்லிப் பழக்கம் உண்டு. சென்னையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள்தான் கற்றுக் கொடுப்பாள். அங்கே மஞ்சள் ஒயர், நீலத் துளை என்று சொன்னால் போதும். இங்கே நிறமே கிடையாது. கை தடவிச் சொல்வதைத்தான் காதால் வாங்க வேண்டும். முதலில் அண்டாவைத் தூக்கி ரவுட்டரை எடுக்கச் சொன்னாள். அதில் செருகியிருக்கிற இரண்டு ஒயரையும் உருவச் சொன்னாள். உள்ளே அண்டா ஒரு சட்டியில் இடிக்கிற சத்தம் கேட்டது. ராக்கு அம்மனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

“இப்ப மேல சொவத்துப் பொட்டிக்கு வாங்க அத்தை. அடியில வெரல வச்சுத் தடவுங்க. என்னென்ன இருக்கு?”

“நூலு மாதிரி ஒண்ணு தொங்குது.”

“அதத் தொடாதீக. அதுக்கு அங்கிட்டு?”

“தடியா ஒண்ணு. அதுக்கும் அங்கிட்டு உருண்டையா ஒண்ணு.”

உருண்டை கரண்டு ஒயர், அது இருக்கட்டும் என்றாள் முத்தழகு. தடியாக இருப்பதன் தலையில் நாக்கு மாதிரி ஒன்று இருக்கும், அதைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே கீழே இழுக்க வேண்டும், அமுக்காமல் இழுத்தால் வராது என்றாள். ராக்குவின் மூச்சு மட்டும் கேட்டது. வேப்பமரத்தடியில் ஜாபர் சாதிக் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். வந்துருச்சு என்றது குரல். அந்த இடத்திலேயே புது ஒயரைச் செருகுங்கள், நாக்கு இருக்கிற பக்கம் உங்கள் பக்கம், டக்கென்று சத்தம் கேட்கிற வரைக்கும் தள்ளுங்கள் என்றாள் இவள்.

கேட்கவில்லை. மறுபடி தள்ளச் சொன்னாள். கேட்கவில்லை. திருப்பிச் செருகச் சொன்னாள். மூடிய கதவுக்குப் பின்னால், முளைத்த பயிர்களுக்கு நடுவே, டக் என்று ஒரு சத்தம். பங்குனி வெயிலில் அந்த முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது.

ஒயர் கதவடிச் சந்து வழியாக வெளியே வந்தது. ரவுட்டரும் அதன் கரண்டு ஒயரும் வந்தன. அண்டா உள்ளேயே இருந்துகொண்டது. சந்தில் பழைய சேலையை மறுபடி திணித்தார்கள். உள்ளறைக் கரண்டையும் திரும்பப் போட்டார்கள். முத்தழகு மூட்டை மேல் மூட்டையாகக் கால் வைத்து ஏறி, உச்சி மிளகாய் மூட்டையின் மேல் ரவுட்டரை வைத்தாள். ஹாலில் உயரமாக, திறந்த வெளியாக. ஜாபர் சாதிக் அன்றைக்கே சொன்ன இடம். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை, ஆனால் தொண்டையை மட்டும் செருமிக்கொண்டார்.

பத்து அடிக்க நாலைந்து நிமிஷம் இருக்கையில் நீல விளக்கு எரிந்தது. மாஷிதா மேடம் திரையில் வந்தார். முத்தழகு பளிச்சென்று வணக்கம் சொல்லிவிட்டு, உடனே அடுக்காகத் தும்மினாள். மிளகாய் நெடி யாரை விட்டது?

பதினொரு மணிக்கு ஓர் ஆபத்து வந்தது. மண்டிக்காரரின் ஆட்கள் லாரியோடு மூட்டை ஏற்ற வந்துவிட்டார்கள். அன்றைக்கு வரச் சொன்னதே பொன்னுச்சாமிதான், வழக்கம்போல யாரிடமும் சொல்லாமல். ஆட்கள் உச்சி மூட்டையைப் பார்த்துக் கையை நீட்டினார்கள். ராக்கு குறுக்கே வந்து நின்றாள். ஈரச் சேலை இன்னும் காயவில்லை.

“மூடை நாளைக்குத்தான். இன்னைக்கு இங்கன எதையும் யாரும் தொடக் கூடாது.”

லாரி வாடகை என்று பொன்னுச்சாமி ஆரம்பித்தார். ராக்கு அவரைத் திரும்பிப் பார்த்தாள். காப்புக் கட்டிய பெண்ணிடம் எதிர்த்துப் பேசினால் அம்மனுக்கு ஆகாது என்பது அவருக்கு அந்த நேரத்தில் நல்லவேளையாக ஞாபகம் வந்தது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

ஒரு மணிக்கு மேடம் வேலையை நிறுத்தச் சொன்னார். லைன் ஒருமுறைகூட அறவில்லை, முதல் தேதியிலிருந்து அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்றார். கூடவே, ஜலதோஷத்துக்கு டாக்டரைப் பார் என்றும் சொன்னார். முத்தழகு கம்ப்யூட்டரை மூடிவிட்டு, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். சந்தோஷ அழுகைதான். பாண்டீஸ்வரன் மிளகாய் நெடி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் சாயங்காலம் கொட்டுமேளம் வந்தது. உள்ளறைக் கதவை அகலத் திறந்து, ராக்கு ஒவ்வொரு சட்டியாக வெளியே எடுத்துக் கொடுத்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். பயிரெல்லாம் முழங்கை உயரம், வெளிர் மஞ்சள், நேர் வகிடெடுத்த தலை மாதிரி. என்ன கையோ இது என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். கடைசியாக ஒரு சட்டி வந்தது. குலவை பாதியில் நின்றது.

அந்தச் சட்டியில் பயிர் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. நுனியில் பச்சை ஏறியிருந்தது. முக்காலிக்குப் பக்கத்தில் இருந்த சட்டி. டேப் விழுந்ததைக் கண்ட அன்றே ராக்கு ஊர்ச் சட்டிகளையெல்லாம் தூரத்து மூலைக்கு நகர்த்திவிட்டு, இந்த ஒன்றை மட்டும், அண்டா கவிழ்க்கிற வரைக்கும், ரவுட்டருக்கு முன்னால் மறைப்பாக வைத்திருக்கிறாள். அது முத்தழகின் முதல் பாரி. ரவுட்டரைப் பிடுங்கி எறிந்திருந்தால் ஒரு பேச்சும் இல்லை. எறியாமல், தன் வீட்டுப் பயிரை வெளிச்சத்துக்குக் கொடுத்திருக்கிறாள். முத்தழகுக்கு இப்போதுதான் புரிந்தது. லைனைக் கொண்டுவந்தவள் தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இது யார் வீட்டுப் பாரி, ஏன் இப்படிக் கோணிக்கொண்டிருக்கிறது என்று கூட்டத்தில் ஒருத்தி இழுத்தாள். ராக்கு அவளைப் பார்த்துப் பேசவில்லை. மருமகளைப் பார்த்துக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எங்க வீட்டுப் பாரிதான். எம் மருமக சோலி பாக்குற பக்கமாச் சாஞ்சிருக்கு. அதுல என்ன கொறச்ச? தூக்குத்தா.”

முத்தழகு சும்மாடு கூட்டித் தலையில் வைத்தாள். ராக்கு சட்டியைத் தூக்கி ஏற்றினாள். பயிர் பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது. மறைப்பாக நடுவில் நடந்து வா என்று ஒரு பெண் காதோடு சொன்னாள். முத்தழகு இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்து, சாய்வு முன்பக்கம் வரும்படி அரைவட்டம் திருப்பி வைத்துக்கொண்டாள். இப்போது பயிர் கோயிலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது, எல்லாருக்கும் முந்திக்கொண்டு போகிற மாதிரி. பின்னால் ராக்குதான் முதல் குலவையைப் போட்டாள். அவள் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். முத்தழகு வரிசைக்கு முன்னால் போய் நடந்தாள்.